இடது கைக்கு அரை இஞ்ச்

ஜூலை 28, திங்கள்

கடை கிடைத்துவிட்டது! மன்னார்குடி கடைத்தெருவில், ஜைத்தூன் அக்காவின் வளையல் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில். எட்டுக்குப் பன்னிரண்டு அடி. இத்தனை நாள் அக்கா காலி அட்டைப்பெட்டிகளைப் போட்டு வைத்திருந்த இடம். "கல்யாணப் பொண்ணுக்கு ஜாக்கெட் தைக்கிற புள்ள பக்கத்துல இருந்தா எனக்கும் நாலு டஜன் வளையல் கூட ஓடும்" என்று சாவியை என் கையில் திணித்துவிட்டார்கள்.

ஐந்து வருடமாக மாடி அறையில் உட்கார்ந்து ஜாக்கெட்டில் ஆரி ஊசிப் பூவேலை செய்து இணையத்திலேயே விற்றவள் நான். 'கனி ஆரி ஒர்க்ஸ்'. பதினோராயிரம் பேர் பின்தொடர்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கும் என் முகம் தெரியாது. வீடியோவில் கை மட்டும்தான் வரும், அதுவும் வலது கை. முகத்தைக் காட்டினால் வேலையைப் பார்க்காமல் மூக்குத்தியைப் பார்ப்பார்கள் என்பது என் கட்சி. பார்சலும் தஞ்சாவூர் கூரியர் ஆபீஸ் பேரில்தான் வரும், போகும். வாரம் இரண்டு நாள் பஸ் ஏறிப் போய் வாங்கி வருவேன். அங்கிருந்து அனுப்பினால் சீக்கிரம் போகும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இனி அந்த அலைச்சல் இல்லை. அளவு எடுக்க ஆள் நேரில் வரும். வெளியூர்க்காரர்களுக்கு போன், உள்ளூர்க்காரர்களுக்குக் கடை. ஆர்டர் நோட்டின் பின்பக்கத்தில் இதை எழுத ஆரம்பித்திருக்கிறேன். முன்பக்கம் மற்றவர்களின் அளவு, பின்பக்கம் என்னுடையது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

பலகை எழுதுகிறவர் வந்தார். 'உரிமையாளர்' என்று போட்டு என் பெயர் கேட்டார். வேண்டாம் என்றேன்.

"பேரு இல்லாமக் கடையா? உங்க வீட்டுக்காரர் பேராவது போடுவோம்."

"கடை பேர் போதும்ண்ணே. நீங்க எழுத்துக்குத்தானே வந்தீங்க, ஜாதகம் பாக்கவா வந்தீங்க?" என்றேன். பாவம், கடை பேரை மட்டும் குறித்துக்கொண்டு போனார்.

திறப்பு விழா ஆவணி பிறந்ததும், 29ஆம் தேதி வெள்ளி. ஆடியில் யார் கடை திறப்பார்கள்?

ஆகஸ்ட் 5, செவ்வாய்

சுகந்தி என்று ஒரு பெண். முகப்பில் செம்பருத்திப் பூ படம். மூன்று வாரமாக நான் போடுகிற எல்லா வீடியோவுக்கும் இதயம் போடுகிறவள். இன்று ஆர்டர் கொடுத்தாள்.

"அக்கா, தங்கச்சிக்கு ஒரு ஜாக்கெட் வேணும். அஞ்சு வருசமா வெளியூர்ல இருக்கா. இப்ப வீட்டுக்குத் திரும்பி வர்றா. வந்த உடனே போட்டு அழகு பாக்கணும். அவளுக்குத் தெரியக்கூடாது, அதனால அவ பழைய ஜாக்கெட் ஒண்ணு அளவுக்கு அனுப்புறேன். அந்த அளவு மாறவே கூடாது."

ஐந்து வருடத்தில் உடம்பு அப்படியேவா இருக்கும்? அளவு மாறியிருக்கும், தங்கச்சி வந்தபின் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுவது நல்லது என்று பதில் போட்டேன். "மாறியிருக்காது அக்கா, எனக்குத் தெரியும்" என்றாள். பாசக்காரி.

ஆகஸ்ட் 9, சனி

தஞ்சாவூர் போனேன். ஏழு பார்சல். ஆறைப் பிரித்து, துணியையும் அளவு ஜாக்கெட்டையும் சேர்த்துக் குத்தி, சீட்டு எழுதிக் கவரில் போட்டேன். எங்கள் தொழிலில் அளவு ஜாக்கெட்டுக்குத் தனி மரியாதை. வாயால் சொல்லும் அளவை நம்பமாட்டோம். டேப் வைத்து எடுத்தால்கூட மூச்சை இழுத்துப் பிடித்து ஏமாற்றுகிறவர்கள் உண்டு. உடுத்திப் பழகிய ஜாக்கெட் பொய் சொல்லாது. வெட்டுகிற முறை வரும்வரை அதை விரித்துப் பார்ப்பதும் இல்லை.

சுகந்தியின் பார்சலைப் பாதி பிரித்ததும் ஏலக்காய் வாசனை குப்பென்று அடித்தது. எனக்கு ஏலக்காய் ஆகாது. பாயசத்தில்கூடப் போடமாட்டேன். அப்படியே வேறொரு கவரில் சுற்றி அடுக்கின் அடியில் வைத்தேன். 23ஆம் தேதிதான் அதன் முறை.

மகள் கனிஷ்கா கேட்டாள், "ஏம்மா மூக்கப் பொத்துற? நல்லாத்தானே இருக்கு." எட்டு வயதுக்கு வாய் அதிகம்.

ஆகஸ்ட் 14, வியாழன்

காலையிலிருந்து மழை. இடது கை குடைகிறது. கடைக்குள் அலமாரி அடித்துக்கொண்டிருந்தபோது கையைப் பிடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்ததை ஜைத்தூன் அக்கா பார்த்துவிட்டார்கள்.

"என்ன புள்ள கைக்கு?"

"பழைய அடிக்கா. படியில விழுந்தது."

"எந்தப் படி?"

"போடில இருக்கறப்ப, வீட்டு மாடிப்படி."

அக்கா தேங்காயெண்ணெயை உள்ளங்கையில் தேய்த்தபடியே சொன்னார்கள், "ஓட்டு வீடு, மாடி கெடயாது, மழை பேஞ்சா சட்டி வைக்கணும்னு நீதான் சொன்ன, போன வருசம்."

நான் அலமாரி கோணலாக இருக்கிறது என்று ஆசாரியைச் சத்தம் போட்டேன். அலமாரி நேராகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி பிறந்தது. பலகை மாட்டியாகிவிட்டது. மஞ்சளில் சிவப்பு எழுத்து. எதிர்ச் சாரியில் நின்று பத்து நிமிடம் பார்த்தேன், வெட்கமில்லாமல் அழுதேன். எனக்கென்று ஒரு கதவு, அதற்கு என்னிடம் சாவி. ஊர் பெயர் தெரியாதபடி வெட்டிவிட்டுப் படத்தை இணையத்தில் போட்டேன். ஐந்நூறு இதயம்.

சுகந்தி உடனே எழுதினாள்: "நீங்க சொன்னது சரிதான் அக்கா, போட்டுப் பாத்து வாங்குறதுதான் நல்லது. கடை எந்த ஊர்ல? தங்கச்சிய நானே நேர்ல கூட்டிட்டு வர்றேன்."

இதுவரை யாருக்கும் ஊர் சொன்னதில்லை. ஆனால் கடை என்று திறந்துவிட்டு முகவரியை மறைத்தால் சிரிக்க மாட்டார்களா? டிரயல் பார்க்க வாருங்கள் என்று வாய் கிழியச் சொன்னவளும் நான்தானே. கடை இருக்கும் இடத்தை மேப்பில் அனுப்பிவிட்டேன்.

பதிலுக்கு இதயம் மட்டும் வந்தது.

ஆகஸ்ட் 20, புதன்

கனிஷ்காவின் யூனிஃபார்ம் சட்டை ஒன்றைக் கொடியில் காணோம். காற்றில் பறந்திருக்கும். கிளிப் போடச் சொன்னால் கேட்டால்தானே? காது வலிக்கத் திட்டினேன். "போட்டேம்மா, ரெண்டு கிளிப் போட்டேன்" என்று அழுதாள். கிளிப் இரண்டும் கொடியிலேயே இருந்தன.

எடுத்தால் யாரும் பேசாத அழைப்பு இன்று மூன்று. கடை நம்பரை ஊருக்கே கொடுத்தால் இப்படித்தான்.

ஆகஸ்ட் 23, சனி

சுகந்தியின் கவரை எடுத்தேன். அரக்கு நிறப் பழைய ஜாக்கெட். திருப்பிப் போட்டு, டேப் வைத்து, வழக்கம்போல முன்பக்கத்தில் எழுதினேன். உயரம் பதினாலு. மார்பு முப்பத்திநாலு. இடுப்பு இருபத்தொன்பது. வலது கை ரவுண்ட் பத்தரை. இடது கை ரவுண்ட் பதினொன்று.

இடது கைக்கு அரை இஞ்ச் கூட. யாரும் அப்படித் தைப்பதில்லை. தையல் பிசகு என்று மறுபடி அளந்தேன். பதினொன்று.

பிறகு கொக்கிகளைப் பார்த்தேன். மூன்றாவது கொக்கி பச்சை நூலில் தைத்திருந்தது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அது என் ஜாக்கெட்.

ஆகஸ்ட் 25, திங்கள்

நேற்று ஒரு வரிக்குமேல் எழுத முடியவில்லை. இன்று எழுதுகிறேன். யாரிடமும் சொல்லாததை நோட்டிடமாவது சொல்ல வேண்டும்.

மாடிப்படி இல்லை. விறகுக்கட்டை. கனிஷ்காவுக்கு அப்போது மூன்று வயது. குழந்தை அழுததால் என் வீட்டுக்காரர் தூக்கம் கெட்டது என்பதுதான் குற்றம். எலும்பு கோணலாகக் கூடியது, முழங்கைக்கு மேல் ஒரு மேடு நின்றுவிட்டது. அதற்காகத்தான் அந்த ஜாக்கெட்டின் இடது கையைப் பிரித்து அரை இஞ்ச் விட்டேன். மாவுக்கட்டு அவிழ்க்காத நாளில் மூன்றாவது கொக்கியை ஒற்றைக் கையால், துணியைப் பல்லில் கடித்துக்கொண்டு தைத்தேன். கைக்கு எட்டியது பச்சை நூல்தான். அவர் ஏலக்காய்க் குடோனில் வேலை. வீட்டுக்குள் அவர் வருவதற்கு முன்னால் அந்த வாசனை வரும். அதைவைத்துக் குழந்தையை ஒளித்துவிடுவேன்.

ஒருநாள் காலையில் பால் வாங்கப் போகிற மாதிரி குழந்தையோடு பஸ் ஏறினேன். ஜாக்கெட் அந்த வீட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

தங்கச்சி அஞ்சு வருசமா வெளியூர்ல இருக்கா. அளவு மாறியிருக்காது. சுகந்தி என்ற பெயரில் எல்லாவற்றையும் என்னிடமே சொல்லியிருக்கிறார். நான் இதயம் போட்டிருக்கிறேன்! கடைக்குப் பிள்ளை பெயரை வைத்து வழி காட்டியவளும் நான்தான். என்னை எதால் அடித்துக்கொள்வது?

பையைக் கட்டிவிட்டேன். இரண்டு சேலை, கனிஷ்காவின் துணி, ஆரி ஊசிப் பெட்டி.

அதே நாள், மாலை

ஜைத்தூன் அக்கா வந்து பையைப் பார்த்துவிட்டார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா கட்டிலில் உட்கார்ந்து அந்த ஜாக்கெட்டை மடியில் விரித்து, இடது கையைத் தடவிக்கொண்டே இருந்தார்கள்.

"எங்க போவ புள்ள?"

"தெரியலக்கா. பஸ் எங்க போகுதோ அங்க."

"போயி? அங்கயும் மாடி ரூம்பு, அங்கயும் கைய மட்டும் காட்டி பொழப்பு. இன்னொரு அஞ்சு வருசம் கழிச்சி இன்னொரு பார்சலு. அப்புறம் இன்னொரு பஸ்ஸா?" என்றார்கள். பிறகு, "யா அல்லா, இந்தக் கையோடவா இத்தன வேல செஞ்ச?" என்று அழுதார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. ஐந்து வருடத்தில் முதன்முறையாகப் பயத்தைத் தள்ளிக்கொண்டு கோபம் வந்தது. ஓடினால் இந்தப் பலகையை யார் கழற்றுவது? அவருக்குப் பயந்து ஒரு வீட்டை விட்டேன். கடையையும் விட வேண்டுமா?

ஆகஸ்ட் 26, செவ்வாய்

அக்காவோடு ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தோம். ஜாக்கெட்டைப் படம் எடுத்துக்கொண்டார்கள். ரசீதும் ஒரு போன் நம்பரும் கொடுத்தார்கள். செம்பருத்திப் பூவை நீக்க வேண்டாம், வருகிற செய்தியெல்லாம் அப்படியே இருக்கட்டும் என்றார்கள். அதனால் அது என் போனிலேயே உட்கார்ந்திருக்கிறது. நான் வீடியோ போட்டால் முதல் ஆளாகப் பார்க்கிறது.

பையை அவிழ்த்துவிட்டேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

கடை திறந்தது. வரிசையாக எழுதுகிறேன்.

காலை ஒன்பதேகாலுக்கு அக்கா ரிப்பன் வெட்டினார்கள். கனிஷ்காவுக்கு லீவு போட்டு, சந்தனப் பேலாவோடு கடைக்குள்ளேயே நிறுத்திக்கொண்டேன். வெளியே காலெடுத்து வைத்தால் காலை உடைப்பேன் என்றேன். சொன்னதும் என் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

வாசலில் வருகிற ஒவ்வொரு ஆம்பிளையின் முகத்தையும் பார்த்தேன். மருந்துக் கடைக்காரர் வாழ்த்த வந்தபோதுகூடக் கத்தரியைக் கையில் எடுத்தேன். கூட்டம் நான் நினைத்ததைவிட மூன்று மடங்கு. முகூர்த்த மாதம் அல்லவா, ஆளுக்கொரு கவரில் துணியும் அளவு ஜாக்கெட்டுமாக மேஜையில் போட்டுவிட்டு நின்றார்கள். சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுத வேண்டும். பத்து நிமிடம் எல்லாவற்றையும் மறந்து சந்தோஷமாக இருந்தேன். அந்தப் பத்து நிமிடம் திரைச்சீலைக்குப் பின்னால் ஒரு பெண்ணுக்குக் குண்டூசி குத்திக்கொண்டிருந்தேன்.

மூன்று மணிக்குக் கூட்டம் வடிந்ததும் சீட்டு எழுத உட்கார்ந்தேன். பதினாலு பேர். நோட்டில் பதினாலு பெயர். மேஜையில் பதினைந்து கவர்.

பதினைந்தாவதைத் தூக்கியதுமே வாசனை வந்தது.

உள்ளே கனிஷ்காவின் யூனிஃபார்ம் சட்டை. துவைத்து, இஸ்திரி போட்டு, கடையில் மடிப்பது போல மடித்திருந்தது. சீட்டில் அவருடைய கையெழுத்து: 'இந்த அளவுக்கும் ஒண்ணு.'

"கனி, இத யாரு வெச்சா?"

"ஒரு மாமா குடுத்தாரும்மா. அம்மாகிட்ட குடுன்னாரு."

"என்ன கேட்டாரு? எல்லாத்தையும் சொல்லு."

"என் பேரு கேட்டாரு. நான் சொல்றதுக்குள்ள அவரே சொல்லிட்டாரு. அப்பா எங்கன்னு கேட்டாரும்மா. துபாய்ல இருக்காருன்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"சிரிச்சாரு. ரொம்ப நேரம் சிரிச்சாரு. சந்தனம் குடுத்தேன், எடுத்துக்கிட்டாரு."

என் பிள்ளை அவருக்குச் சந்தனம் கொடுத்திருக்கிறாள். பிள்ளைக்கு அப்பன் முகம் தெரியாது. தெரியாமல் வளர்த்தவள் நான். பயத்தில் ஒரு படம்கூட வைக்காமல், துபாய் கதை சொல்லி வளர்த்தேன். உலகத்தில் எந்த ஆளிடமிருந்து அவள் ஓட வேண்டுமோ, அந்த ஆளைக் கண்டால் அவளுக்கு மட்டும் தெரியாது. வாசலை நான் காவல் காத்தேன், அவர் பிள்ளையிடம் பேசிவிட்டுப் போய்விட்டார்.

ஜைத்தூன் அக்கா ஷட்டரை இறக்கினார்கள். ஸ்டேஷன் நம்பருக்குப் பேசினேன். வந்து சட்டையை வாங்கிப் போனார்கள். பஸ் ஸ்டாண்டிலும் லாட்ஜுகளிலும் பார்ப்பதாகச் சொன்னார்கள்.

ஆகஸ்ட் 30, சனி

அவர் இன்னும் கிடைக்கவில்லை.

பள்ளியில் சேர்க்கும்போது கேட்பார்களே என்று அன்றைக்கு எடுத்து வந்த அவருடைய ஆதார் ஜெராக்ஸ் ஒன்று ஊசிப் பெட்டியின் அடியில் கிடந்தது. முகம் கருப்பாக அப்பியிருக்கிறது. கனிஷ்காவை உட்கார வைத்துக் காட்டினேன்.

"இவருதாம்மா. சந்தனம் குடுத்தேனே."

"இவருதான் உங்க அப்பா."

அவள் என் இடது கையைப் பிடித்து, அந்த மேட்டின்மேல் விரலை வைத்தாள். "இது அவரா?" என்றாள். நான் சொல்லாமலே எத்தனை நாளாகத் தெரியுமோ. ஆமாம் என்றேன். அழவில்லை அவள், நான்தான் அழுதேன்.

"நான் கிளிப் போட்டுத்தானே இருந்தேன், அதுக்கா திட்டுன?" என்று கேட்டாள். மன்னிப்புக் கேட்டேன்.

இத்தனை நாளாக எழுதும்போது 'அவர்', 'அவர்' என்றே எழுதியிருக்கிறேன். இப்போதுதான் கவனித்தேன். போதும் அந்த மரியாதை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

பகல் பன்னிரண்டு மணிக்கு கடையிலிருந்து லைவ் போட்டேன். ஐந்து வருடத்தில் முதன்முறையாக முகத்தோடு. போனை அலமாரியில் சாய்த்து வைத்து, பின்னால் தெரு தெரிகிற மாதிரி வாசலோரம் உட்கார்ந்தேன். ஊர் பெயரை மறைக்கவில்லை. ஜைத்தூன் அக்கா பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டார்கள், கனிஷ்கா, அக்காவின் மடியில், முகம் தெரியாமல் திரும்பி.

"என் பேரு தமயந்தி. இதுதான் என் முகம். இதுதான் என் இடது கை" என்று ஆரம்பித்தேன். இருநூறு பேர் இருந்தார்கள், பிறகு எண்ணூறு, பிறகு இரண்டாயிரம். அரக்கு ஜாக்கெட்டைத் திருப்பிப் பிடித்துப் பச்சை நூல் கொக்கியைக் காட்டினேன். இடது கையில் டேப் வைத்துக் காட்டினேன். அவன் பெயரைச் சொன்னேன், போடியில் எந்தக் குடோன் என்று சொன்னேன், ஜெராக்ஸை கேமராவுக்குக் கிட்டே பிடித்தேன். இந்த முகத்தை என் கடைப் பக்கம், என் பிள்ளை பள்ளிப் பக்கம் பார்த்தால் இந்த நம்பருக்குச் சொல்லுங்கள் என்றேன். அக்கா தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு மறுபடி சொன்னேன்.

கமெண்டில் என்னென்னவோ வந்தது. அழுதவர்கள், திட்டியவர்கள், ஜாக்கெட் விலை கேட்டவர்கள். மருந்துக் கடைக்காரர் தன் கடையிலிருந்தே பார்த்துவிட்டு எழுந்து வந்து வாசலில் நின்றுகொண்டார். கையைக் கட்டிக்கொண்டு தெருவையே பார்த்திருந்தார்.

ஒரு மணிக்குமேல் ஆட்கள் கலைய ஆரம்பித்தார்கள். நூறு, நாற்பது, பத்து. நான் நிறுத்தவில்லை. கடைசியில் ஒருவர். பெயரைத் தொட்டுப் பார்த்தேன். செம்பருத்திப் பூ.

கேமராவை நேராகப் பார்த்துச் சொன்னேன்: "சுகந்தி, உங்க ஆர்டர எடுக்க முடியாது. அந்த அளவுல இங்க இப்ப யாரும் இல்ல."

இந்த முறை இதயம் வரவில்லை.

ஷட்டரை முழுசாகத் தூக்கிவிட்டேன். முதல் கவரைப் பிரித்து, மயில் கழுத்து நிறத் துணியை விரித்து, சுண்ணக்கட்டியால் கோடு போட்டேன். கனிஷ்கா சீட்டுகளை வரிசையாக அடுக்கித் தருகிறாள். பதினாலு. இரண்டு முறை எண்ணச் சொன்னேன்.

வெட்டுவதற்கு முன்னால் இதை எழுதுகிறேன். போன் இன்னும் அலமாரியில்தான் சாய்ந்திருக்கிறது. லைவை நான் அணைக்கவில்லை, அவனும் போகவில்லை. ஒருவர் பார்க்கிறார் என்று காட்டுகிறது.

பார்க்கட்டும். கத்தரியை எடுத்து வெட்ட ஆரம்பிக்கிறேன்.